சுகம் என்றால் பிளக்கலாம்

மலேயாவில் ஒடியலுக்குச் சந்தை இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பியவர்கள் இருபத்தெட்டுப் பெண்கள். எனக்கு வியாபாரம் தெரியாது. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெட்டைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் கீறுவதைத் தவிர வேறு எதையும் நான் மதிப்பிட்டதில்லை. ஆனால் கோலாலம்பூரில் சித்தப்பாவின் மகளுக்குத் தேவாலயத்தில் கலியாணம் வைத்திருந்தார்கள், பிளேன் டிக்கற்றும் அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து வேறு ஒருத்தரும் அந்தத் திசைக்குப் போகிற எண்ணத்தில் இல்லை. ஆக, வேலை என் தலையில் விழுந்தது.

ஒடியல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்துவிட்டால் மார்கழி, தை அளவில் அதிலிருந்து கிழங்கு இறங்கியிருக்கும். கிண்டி எடுத்துப் பச்சையாகவே விற்கலாம். இல்லாவிட்டால் இரண்டாகப் பிளந்து வெய்யிலில் காயவிடலாம், அது ஒடியல். அவித்துப் பிளந்து காயவிட்டால் புழுக்கொடியல், சும்மா கடித்துச் சாப்பிடலாம். ஒன்று மட்டும் உண்டு. பிளந்தது பிளந்ததுதான், பிறகு அதைப் பச்சைக்கிழங்கு விலைக்கு ஒருத்தனும் தொடமாட்டான்.

எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. கோலாலம்பூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர், சித்தப்பா வீட்டில் ஒரு துண்டு புழுக்கொடியலைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு கிடைக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தார். அந்தக் கடுதாசி சங்கக் கொட்டிலில் கைக்குக் கை மாறி, மடிப்பெல்லாம் கிழிந்துபோனது.

சங்கத்துக்குத் தலைவி, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனுசி. ஊரே அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். மிசன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஏழு வருசமாக அவர் அந்தச் சங்கத்தைக் கட்டி இழுத்ததற்கு ஒரேயொரு காரணம் லொறி முதலாளி. ஒவ்வொரு தையிலும் லொறியோடு வந்து, பாத்தி பாத்தியாகப் பார்த்து, தான் சொன்னதுதான் விலை என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போகிற ஆள். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்த முறை ஒடியல் கப்பலேறினால் அந்த மனுசனுக்கு முன்னால் இனி நிற்கத் தேவையில்லை. அதை நம்பித்தான் பெரியக்கா அந்த வருசம் வழமையைவிட மூன்று மடங்கு கொட்டை புதைப்பித்திருந்தார்.

பாதியைப் பிளந்து பாதியை விற்றாலென்ன என்று நான் கேட்டேன். லொறி முதலாளி தோட்டத்தை முழுசாகத்தான் எடுப்பார், மலேயாக்காரரும் அரைகுறைச் சரக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஒன்றில் அது, இல்லாவிட்டால் இது. பொங்கலுக்கு முதல் நான் முடிவு சொல்லவேண்டும், பொங்கல் கழிந்த கையோடு லொறி வந்து நிற்கும்.

முடிவை எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். கடுதாசி வந்து சேர இரண்டு கிழமை, பதினாலு நாள் பிடிக்கும். தந்திதான் அடிக்கவேண்டும், அதுவும் இங்கிலீசில். எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் இருந்தவர் லொறி முதலாளியின் மனைவிக்குத் தமையன். தந்தியில் சந்தை சரியில்லை என்று ஒரு சொல் வந்தால் போதும், அது பெரியக்காவின் கைக்கு வருமுதலே முதலாளியின் காதுக்குப் போய், விலை அரைவாசியாகிவிடும்.

"சுகச்செய்தி மாதிரி அடி, பிள்ளை," என்றார் பெரியக்கா. "சுகம் எண்டு வந்தால் நாங்கள் பிளப்பம். சுகமில்லை எண்டு வந்தால் லொறிக்குக் குடுப்பம். என்ரை பேருக்கு அடி. கந்தோர்க்காரர் வாசிச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கப்போறார்?"

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் அம்மா இருந்தார், இங்கிலீசில் ஒரெழுத்தும் தெரியாதவர். எங்கள் ஊரில் தந்தி என்றால் செத்தவீடு, பிரிக்குமுன்னமே ஒப்பாரி தொடங்கிவிடும். அப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்து மாரடைப்பில் போனதும் தந்தியில்தான் வந்தது. அதைக் கையில் வாங்கிய இடத்திலேயே அம்மா விழுந்தார், எழும்ப மூன்று மாதம் சென்றது. இன்னொரு முறை இப்படியொரு அதிர்ச்சி வந்தால் இருதயம் தாங்காது என்று சாவகச்சேரி ஆஸ்பத்திரி டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னாலென்ன, ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்.

அதனால் பெரியக்காவே வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு முன்னால் பாயைப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினார். "அக்கா, தந்தி வரும். சுகமில்லை எண்டும் வரலாம். அது பிள்ளைக்கில்லை, கிழங்குக்கு. விளங்குதோ?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. "கிழங்குக்குச் சுகமில்லை எண்டால் நான் ஏன் அழப்போறன்?" என்றார்.

கோலாலம்பூரில் சித்தப்பாவிடம் இந்த ஏற்பாட்டை நான் சொல்லவில்லை. ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த நல்ல மனுசன், ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. சொன்னால் மறுநாளே யாழ்ப்பாணத்தில் பாதிப் பேருக்குக் கடுதாசி பறக்கும் என்று நானே முடிவெடுத்து, வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கெட்டித்தனம் அப்படி.

கலியாணம் முடிந்த மறுநாள் ஒரு கொப்பியோடு வெளிக்கிட்டேன். எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போவது, ஆளுக்கொரு பொட்டலம் ஒடியலும் புழுக்கொடியலும் கொடுப்பது, பிடிக்குமோ என்று கேட்பது, பதிலை எழுதுவது. முப்பத்தொரு வீடு. முப்பத்தொரு வீட்டிலும் ஓம். சும்மா ஓம் இல்லை. "ஓம் ஓம், ஒடியல் கூழ் எண்டால் எங்கடை இவர் விடவே மாட்டார்." "ஐயோ பிள்ளை, இதைக் கண்டு எவ்வளவு காலம்." ஒரு ஐயா பொட்டலத்தை மூக்கோடு பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. கொப்பி முழுக்க ஓம், ஓம் என்று சரி போட்டுக்கொண்டே வந்தேன். இவ்வளவு ஆட்கள் தவம் கிடக்கிறார்கள், இதற்குப் போய் ஒரு ஆராய்ச்சியோ என்று நினைத்தேன்.

அடுத்தநாள் தந்தி அடிக்கிற எண்ணத்தில் இருந்தேன். சின்னம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர், அலுமாரியிலிருந்து சீனிப்பேணியை எடுத்துவரச் சொன்னார். ஒரு பேணியைத் திறந்தேன், ஒடியல் மா. அடுத்ததும் ஒடியல் மா. மூடியில் துண்டு ஒட்டி, உடுப்பிட்டி மாமி என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் உடுவில் அக்கா. பின்வரிசையில் இன்னும் ஐந்து பேணி, இரண்டில் மாவைவிட வண்டுதான் கூட.

"சின்னம்மா, என்ன இது?"

"வாறவை எல்லாரும் கொண்டுவருகினம். வேண்டாம் எண்டு சொல்லேலுமே?"

"எல்லா வீட்டிலும் இப்பிடித்தானோ?"

"வேறை எப்பிடி?"

மெல்லக் கேட்டேன். "இதைக் கடையிலை வித்தால் வாங்குவியளோ?"

சின்னம்மா கேத்திலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒடியலைக் கடையிலை வாங்கிறதோ? கண்டவை, இவைக்கு ஊரிலை ஒரு சொந்தமும் இல்லையோ எண்டெல்லோ நினைப்பினம்."

முப்பத்தொரு வீட்டிலும் பிடிக்குமோ என்று கேட்டேனே தவிர, வாங்குவியளோ என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? விருந்தாளியாகப் போய்ப் பொட்டலத்தையும் கையில் கொடுத்துவிட்டு, இனி இதைக் காசுக்கு வாங்குவியளோ என்று கேட்டால், என்னை வளர்த்த விதத்தைப் பற்றி அல்லவா கதைப்பார்கள். அவர்களும் கொண்டுவந்தவளின் முகத்துக்கு முன்னால் ஓம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? எங்கடை ஆட்களைத் தவிர வேறு எவரும் இப்படிச் சந்தை பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு நாள் முந்தியிருந்தால் அந்த ஓமை நம்பி இருபத்தெட்டு வீட்டுக் கிழங்கையும் பிளக்க வைத்திருப்பேன். கொப்பியை அப்படியே கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

பொங்கலுக்கு எட்டு நாள் இருந்தது. கடுதாசி எழுதிய கடைக்காரரிடம் ஓடினேன். அவருடைய தகப்பன் காலத்தில் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் அசையவில்லை.

"ஒங்க ஊர்க்காரங்க வாங்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியுமேம்மா. அவங்களுக்காகவா கேட்டேன்? நான் நெனைக்கிறது தோட்டத்து ஜனம். ரப்பர் எஸ்டேட்டுல இருக்கறவங்க. அவங்க தாத்தன் பாட்டன் எல்லாம் பனங்காட்டுல பொறந்தவங்கதான்."

"அவை வாங்குவினமோ?"

"அது எனக்கும் தெரியாது. வாங்க, போய்ப் பாத்துரலாம்."

எனக்கு அந்த மனுசனை அப்போதே பிடித்துவிட்டது. ஓம் சொல்லாத ஒரு ஆளை அந்த ஊரில் முதன்முதலாகக் கண்டேன். ஆனால் ஒரு கணக்கு அவருக்கும் இருந்தது. பொங்கலோடு நாங்கள் முடிவு சொல்லாவிட்டால் தூத்துக்குடிக்கு எழுதிப்போடுவார், அங்கிருந்தும் இதே சாமான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள், அவருடைய தம்பியின் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரப்பர்த் தோட்டத்து வாசலில் ஒரு சின்னக் கடைத்தெரு. என்னிடம் மிஞ்சியிருந்த புழுக்கொடியலை ஒரு தட்டத்தில் போட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். பெயர் எழுதவில்லை, விலை மட்டும் எழுதினோம். ஒருத்தருக்கும் எடுத்துக் கொடுக்கவோ, புகழ்ந்து சொல்லவோ கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பலகையில் இருந்து பார்த்தேன். இரண்டு மூன்று நாளாக ஒரு தலையிடி விடாமல் கிடந்தது. வெய்யில்தான் என்று நினைத்து, தலையில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தேன்.

ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு கிழவி கையில் எடுத்து, "இது பனங்கெழங்கு காஞ்சதுல்ல?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பிவந்து, பல்லுப் போயிடும் போலிருக்கு என்று வைத்துவிட்டுப் போனார். மெல்லிசாக வெட்டவேணும் என்று எழுதிக்கொண்டேன். பிறகு இளம் ஆட்கள் வந்தார்கள், கடித்தார்கள், போனார்கள். அவர்கள் வாங்கினதை நான் கணக்கில் எடுக்கவில்லை. புதுச்சாமான் என்றால் யாரும் ஒருக்கால் வாங்கித்தான் பார்ப்பார்கள். இரண்டாம் தரம் வந்தவர்களை மட்டும் எண்ணினேன். முதலில் ஒருத்தர் வந்தார். பிறகு நாலு பேர். பிறகு, மத்தியானம் வாங்கிக்கொண்டு போன ஒரு மனுசன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, தட்டத்தில் கிடந்ததை முழுக்கத் தா என்று கேட்டார். அது முடிந்த பிறகும் ஆட்கள் வந்து கேட்டுவிட்டு, கடைக்காரரின் தம்பியை ஏசிவிட்டுப் போனார்கள்.

"என்னம்மா, அனுப்பறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நாளைக்குத் தந்தி அடிக்கிறன்," என்றேன். சந்தோசத்தில் எனக்கு நடுங்கியது. அது சந்தோசம் என்றுதான் நினைத்தேன்.

நாளைக்கு நான் எழும்பவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. அடுத்தநாள் பிதற்றத் தொடங்கிவிட்டேனாம். என்னை ஆஸ்பத்திரியில் போட்டார்கள், நெருப்புக்காய்ச்சல், டைபோயிட் என்று சொன்னார்கள். எத்தனை நாள் போனது என்று எனக்குத் தெரியாது. ஞாபகம் இருப்பதெல்லாம், தந்தி அடிக்கவேணும், அடிக்கவேணும் என்று நான் கத்திக்கொண்டேயிருந்ததும், ஒருத்தருக்கும் அது கேட்கவில்லை என்று பயந்ததும்தான்.

கேட்டிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் சித்தப்பா இருந்தார், சவரம் செய்யாத முகத்தோடு.

"சித்தப்பா, தந்தி," என்றேன்.

"அதெல்லாம் அண்டைக்கே அடிச்சிட்டன் பிள்ளை. நீ ஒண்டுக்கும் யோசியாதை. தந்தி, தந்தி எண்டு நீ கத்தின கத்தலிலை, அம்மாவுக்குத்தான் எண்டு நினைச்சு நான் ஓடிப்போய் அடிச்சிட்டு வந்தன்."

"என்னெண்டு அடிச்சியள்?"

"உள்ளதைத்தான். பிள்ளைக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில், யோசிக்க வேண்டாம் எண்டு."

முதலில் எனக்கு அம்மாதான் கண்ணுக்கு முன்னால் வந்தார். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் விழுகிற அம்மா. பிறகு, இல்லை, அம்மா பயந்திருக்கமாட்டார், அவருக்கு அது கிழங்கின் செய்தி என்று நினைவு வந்தது. அந்த ஆறுதல் ஒரு நிமிசம்தான் நின்றது. அம்மாவுக்கு அது கிழங்கின் செய்தி என்றால், பெரியக்காவுக்கும் அதுதானே. சுகமில்லை என்றால் லொறிக்குக் கொடுக்கலாம்.

"பொங்கல் எப்ப?" என்று கேட்டேன்.

"பொங்கல் போன கிழமையெல்லோ முடிஞ்சுது," என்றார் சித்தப்பா.

நான் அந்த மனுசனைப் பேசிய பேச்சை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. எனக்காக ஒரு கிழமை நித்திரை இல்லாமல் அலைந்த மனுசன். ஏன் எண்டு கேக்காமல் அடிச்சியளே, அவவுக்கு இருதயம் எண்டு தெரியாதோ, உங்களை ஆர் கேட்டது என்று கட்டிலில் கிடந்தபடியே கத்தினேன். தாதி ஓடிவந்து என்னை அமத்தினாள். பிறகு எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன். அவர் எழும்பிப் போய், பெரியக்காவின் பேருக்கு ஒரே சொல்லில் தந்தி அடித்துவிட்டு வந்தார். சுகம்.

பிந்திவிட்டது என்று அம்மாவின் கடுதாசி வந்தபோது தெரிந்தது. அம்மா நல்ல புளுகமாக எழுதியிருந்தார். தந்தி தன்னுடைய பேருக்கே வந்ததாம், ஒரு சொட்டுப் பதற்றமில்லாமல் வாங்கி, தானே கொட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் கிழங்கு முழுக்க லொறியில் போய்விட்டதாம். நீ ஆறுதலாக நின்று எல்லாரையும் பார்த்துவிட்டு வா என்று முடித்திருந்தார். கடைக்காரர் ஒரு கூடை தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூடையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, தூத்துக்குடிக்கு எழுதிட்டேம்மா, தப்பா நெனைக்காதீங்க என்று சொன்னார். அதில் தப்பு நினைக்க ஒன்றுமில்லை.

மாசியில் ஊருக்கு வந்தேன். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. மலேயாத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன், நம்பினார். சங்கத்துப் பெண்களைத் தெருவில் கண்டால், என்னை உற்று உற்றுப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற அம்மாவைப் பார்ப்பார்கள், பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விடுவார்கள். செய்த பிழைக்கு முகம் கொடுக்க வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. தந்தி பெரியக்காவின் பேருக்கு வராமல் அம்மாவின் பேருக்கு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி என்று நாங்கள் பேசிக்கொள்ளாத ஒரு சொல்லும் அதில் கிடக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரு ஆளுக்கு இது போதாதோ?

எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் விடிய, அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் போனேன். பாத்தியெல்லாம் வெறும் மண். பெரியக்கா தனியாகக் குந்தியிருந்து, கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சிக் கிடந்த கொட்டைகளை விறகுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வந்த வேகத்தில் தொடங்கினேன். "அக்கா, எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சனியள்தானே? ஆஸ்பத்திரி எண்டு கிடந்ததை வாசிக்கத் தெரியேல்லையோ? ஆரின்ரை பேருக்கு வந்தது எண்டு பாக்கத் தெரியேல்லையோ? அது எனக்கு வந்த காய்ச்சல், கிழங்குக்கில்லை. அங்கை சனம் கேட்டுக்கேட்டு வாங்கினது. நான் கண்ணாலை பாத்தனான். ஏழு வருசப் பாட்டை ஒரு வாசிப்பிலை லொறியிலை ஏத்திப்போட்டியளே."

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். பெரியக்கா தடுக்கவில்லை.

"வாசிச்சனான் பிள்ளை," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பேரைக் கண்ட உடனையே எனக்குத் தெரியும். பிறகு ஆஸ்பத்திரி எண்ட சொல்லு. அதை ரெண்டு தரம் எழுத்துக்கூட்டினனான். கொம்மா முன்னாலை நிக்கிறா. என்னவாம், பிளக்கிறதோ, குடுக்கிறதோ எண்டு சிரிச்சுக்கொண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல? சுகமில்லையாம் அக்கா, சந்தை சரிவரேல்லையாம் எண்டு சொன்னன்."

"சரி, அம்மாவுக்கு அப்பிடிச் சொன்னியள். பிறகு என்ரை அடுத்த தந்தி வரும்வரைக்கும் பாத்திருக்கலாமே."

"பொங்கல் முடிஞ்சு லொறி வந்து நிக்குது. கொம்மா ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறா, சுகமில்லை எண்டு வந்த பிறகும் ஏன் குடுக்காமல் வைச்சுக்கொண்டிருக்கிறியள் எண்டு. குடுக்காட்டில் அவவுக்கு விளங்கிப்போடும் பிள்ளை. தந்தி கிழங்குக்கில்லை எண்டு."

நான் பாத்தி வரம்பில் இருந்துவிட்டேன்.

"மற்றவை?" என்று கேட்டேன்.

"கொம்மா வீட்டை போனாப்பிறகு எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினனான். இது எல்லாற்றை கிழங்கும், நான் தனிய முடிவெடுக்கேலாது எண்டன். ஒருத்தியும் மறுத்துக் கதைக்கேல்லை. விடிய வந்து கிண்டித் தந்தவை. கொம்மாவும் எங்களோடை நிண்டு ஏத்தினவ. ஒருத்தியும் அவவுக்கு முன்னாலை முகத்தைக் காட்டேல்லை." கையிலிருந்த கொட்டையின் மண்ணைத் தட்டினார். "உனக்கு எண்டு பிள்ளையாருக்கு நேத்திக்கடனும் வைச்சிருக்கு. நீ வேதக்காரி எண்டாலும் ஒருக்கா வந்து தேங்காயை உடைச்சுப்போட்டுப் போ."

அடுத்த தந்தி வந்தபோது என்ன செய்தார் என்று கேட்டேன். சுகம் என்று கண்டவுடன் அழுதுவிட்டாராம். பிந்தி வந்துவிட்டதே என்று அழுகிறார் என நினைத்து, அம்மா அவருடைய முதுகைத் தடவி, வாற வருசம் பாப்பம், அழாதை என்று சொன்னாராம்.

அவர் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து, புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "இப்ப முழுக்க விட்டிட்டுதோ? எட்டு நாளாக் கேக்கவேணும் எண்டிருக்கிறம். நீ எங்கை போனாலும் கொம்மாவும் பக்கத்திலை நிக்கிறா."

"ஓம் அக்கா, விட்டிட்டுது," என்று சொன்னேன். சொல்லிவிட்டு அந்த வெறும் பாத்தியில் இருந்து அழுதேன். அவர் எனக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.